டயரில் காற்று இறக்கிய வெள்ளிக்கிழமை

என் மனைவிக்குப் பாட வராது. கொஞ்சம் சுருதி விலகும் என்று நினைத்துவிடாதீர்கள். பியானோ ஒரு பக்கம் போனால் அவள் இன்னொரு பக்கம் போவாள், அதுவும் ஊருக்கே கேட்கிற குரலில். எங்கள் மெதடிஸ்ட் சபையில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை மறைத்துக்கொள்வேன். வெளியே வந்து காரில் ஏறியதும், "கொஞ்சம் மெதுவா பாடக்கூடாதா? மானமே போகுது லா" என்பேன். "நான் அவருக்குப் பாடுறேன், அவங்களுக்கா பாடுறேன்?" என்று சீட் பெல்ட்டை மாட்டிக்கொள்வாள். எங்கள் வீட்டில் 'அவர்' என்றால் கர்த்தர்தான். நான் வெறும் 'என்னங்க'.

அவள் எதற்கும் ஜெபம் செய்வாள். துணி துவைக்கும் மெஷின் பாதியில் நின்றால் அதன் மேல் கை வைத்து ஜெபம். பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போய் கார் நிறுத்த இடம் கிடைக்காவிட்டால் கண்ணை மூடி ஜெபம். இடம் கிடைத்தால் ஸ்தோத்திரம் சொல்வாள். கிடைக்காமல் தூரத்தில் நிறுத்திவிட்டு நடந்தால், நடப்பது உடம்புக்கு நல்லது என்று அதற்கும் ஒரு ஸ்தோத்திரம். புதன்கிழமைகளில் உபவாசம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, தான் டீச்சராக இருக்கும் தாடிகா பாலர்பள்ளியில் வாண்டுப் பிள்ளைகளைக் கட்டி மேய்த்து வீட்டுக்கு வரும்போது சிடுசிடுவென்று இருப்பாள். "பட்டினி கிடந்து என் மேல எரிஞ்சு விழறதுக்கு, ரெண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுட்டு அன்பா இருக்கலாம்ல" என்று சீண்டுவேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் அன்றைய உபவாசம் கெட்டுவிட்டது போல உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

நான் கெடா மாநிலத்தில் செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் குடும்பம் முனீஸ்வரனைக் கும்பிடுகிற குடும்பம். அவளைக் கட்டிக்கொள்வதற்காகத்தான் ஞானஸ்நானம் எடுத்தேன். அதை அவளும் அறிவாள், அவளுடைய அப்பாவும் அறிவார், தண்ணீர் தெளித்த போதகரும் அறிந்திருப்பார். அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் ஒரு டயர் கடையில் எனக்கு வேலை. பக்கத்துத் தாமான் குடியிருப்பில்தான் வீடு. சபையில் என்னை எல்லோருக்கும் 'தாடிகா டீச்சர் வீட்டுக்காரர்' என்றுதான் தெரியும். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது என்னிடம் வருகிறவர்கள் டயர் எந்த பிராண்ட் நல்லது என்று கேட்பார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் வேறு யாரையாவது பார்த்துப் போய்விடுவார்கள். எனக்கு அது உள்ளுக்குள் குத்திக்கொண்டே இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நான் செய்ததெல்லாம் இந்த அற்பமான குத்தலில் இருந்து கிளம்பியதுதான்.

கல்யாணமாகி ஐந்தாவது வருடம் அவளுடைய மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அரசாங்க மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்க நாள் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் சபையில் இருந்து மூன்று நாள் எங்கள் வீட்டுக்கு வந்து உபவாச ஜெபம் நடத்தினார்கள். வரவேற்பறை நாற்காலிகளை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டுப் பாய் விரித்தோம். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு அழுது ஜெபித்தார்கள். ஸ்கேன் எடுத்த அன்று டாக்டர் படத்தைப் பார்த்தார். பெரிதாகக் கெட்டது எதுவும் தெரியவில்லை, பயப்பட வேண்டாம், ஆறு மாதம் கழித்து மறுபடியும் வந்து காட்டு என்றார். இளவயது மலாய்க்காரப் பெண். சாப்பாட்டு நேரம், பாவம், பசியோடு இருந்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

எங்கள் ஆராதனை வெள்ளிக்கிழமை காலையில். கெடாவில் அன்றுதானே விடுமுறை. ஆராதனைக்கு நடுவில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. கர்த்தர் தங்களுக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். அவள் எழுந்தாள். ஜெபம் செய்த எல்லோருக்கும் நன்றி சொன்னாள். கர்த்தர் தனக்குச் சுகம் கொடுத்தார் என்றாள். ஆறு மாதத்தில் டாக்டர் திரும்ப வரச் சொன்னதையும் ஒளிக்காமல் சொன்னாள். ஆனால் சுகம் என்ற சொல் வந்ததுமே கைதட்டலும் அல்லேலூயாவும் எழும்பிவிட்டன. அந்த ஆறு மாதம் யார் காதிலும் விழவில்லை.

சாட்சி என்பது ஒருமுறை சொன்னதோடு முடிகிற காரியம் இல்லை. சொன்னபின் அது சபையின் சொத்து. வீட்டு ஜெபக் கூட்டங்களில் திரும்பச் சொல்லுவார்கள், வேறு ஊர்ச் சபைக்காரர்கள் வந்தால் அவர்களிடம் சொல்லுவார்கள். அவளுக்குக் கூச்சம். அதனால் என்னைச் சொல்லச் சொன்னார்கள். நான் சொன்னேன். எனக்குப் பேச வரும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. முதல் தடவை உள்ளபடி சொன்னேன். இரண்டாவது தடவை ஆறு மாதம் என்பது விட்டுப்போனது. மூன்றாவது தடவை, படத்தைப் பார்த்த டாக்டர் அசந்துபோனார் என்று ஒரு வரி தானாக வாயில் வந்தது. 'இங்கே இருந்த கட்டி எங்கே?' என்று அவர் கேட்டதாகவும் சேர்த்துக்கொண்டேன். மக்கள் கண்ணீர் விட்டார்கள். தேநீர் நேரத்தில் இப்போது யாரும் டயர் பிராண்டைக் கேட்பதில்லை, 'பிரதர்' என்று தோளில் கை போட்டார்கள். வாசலில் நின்று மக்களை வரவேற்கும் பொறுப்பையும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் அவள் கேட்டாள்: "அந்த டாக்டர் எப்பங்க அசந்துபோனாங்க?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தான். கர்த்தருக்குத்தானே மகிமை."

"கர்த்தருக்கு மகிமை வேணும்னா உண்மையைச் சொன்னாலே வந்துடும்" என்றாள். அதற்குமேல் என்னை விரட்டவில்லை. என் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று நினைக்கிறேன்.

அதிலிருந்து நோயாளிகளை அவளிடம் அழைத்து வர ஆரம்பித்தார்கள். சுகம் பெற்றவள் கை வைத்து ஜெபித்தால் நல்லது என்று ஒரு எண்ணம். அப்படி வந்தவர்களில் ஒருவர் பக்கத்து ஊரான குருணில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது, கணவர் இல்லை, வாட்டசாட்டமான ஆள், குரலும் அப்படியே. குருணில் ஒரு வீட்டுக் கூட்டத்தில் நான் சொன்ன சாட்சியைக் கேட்டுவிட்டு எங்கள் வீட்டைத் தேடி வந்திருந்தார். அவருக்கும் மார்பில் கட்டி. என் மனைவி அவர் தலையில் கை வைத்து நெடுநேரம் ஜெபித்தாள். எழுந்ததும் அந்த அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஹாஸ்பிட்டல்ல டேட் குடுத்திருக்காங்க தங்கச்சி. நான் போகப் போறதில்ல. உனக்குச் செஞ்சவரு எனக்குச் செய்ய மாட்டாரா?" என்றார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் வாசலில் செருப்புகளை ஒழுங்குபடுத்துவது போல குனிந்துகொண்டேன். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு மாதம் ஆனபோது மருத்துவமனைக்கு நாங்கள் போகவில்லை. அங்கே எங்கள் சபை நர்ஸ் ஒருவர் வேலை செய்தார். அதே வார்டுப் பக்கத்தில் எங்களைப் பார்த்தால் என்ன நினைப்பார்? சுகமாகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு மறுபடி சோதனைக்கு வருகிறார்களே, இவர்களுக்கே நம்பிக்கை இல்லையா என்று நினைக்க மாட்டாரா? இதை நான்தான் அவளிடம் சொன்னேன். "நினைச்சா நினைக்கட்டும்" என்றாள் அவள். "கொஞ்ச நாள் போகட்டும்" என்றேன். அந்த மாதம் தாடிகாவில் விளையாட்டுப் போட்டி, அவளுக்கும் ஓய்வில்லை. தள்ளிப் போட்டோம். 'போட்டோம்' என்று பன்மையில் எழுதும்போது கை கூசுகிறது. தள்ளிப் போட்டவன் நான்.

மறு வருடம் முதுகில் வலி என்றாள். பிள்ளைகளைத் தூக்குவதால் என்றேன். பிறகு ஒருநாள் குளியலறையில் இருந்து கூப்பிட்டாள். என் கையை எடுத்து அங்கே வைத்தாள். கல் மாதிரி இருந்தது. யார் கண்ணிலும் படாமல் பினாங்குக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த டாக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. அதே கட்டிதான், எலும்புக்கும் நுரையீரலுக்கும் போய்விட்டது, மருந்து கொடுத்தால் கொஞ்ச காலம் கிடைக்கும் என்றார். ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். நான் கூரையில் இருந்த விளக்கைப் பார்த்தேன். அவள்தான் பதில் சொன்னாள்: "பயமா இருந்துச்சு டாக்டர்." அவளுக்கு ஒரு பயமும் இருந்ததில்லை. பயம் எல்லாம் என்னுடையது.

சபையில் யாருக்கும் சொல்லவில்லை. மருந்து ஏற்ற பினாங்குக்குப் போகும் நாட்களில் அவளுடைய சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொன்னேன். முடி கொட்டியது. நல்ல வேளையாக எங்கள் சபையில் கல்யாணமான பெண்கள் சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொள்வது வழக்கம், யாரும் கவனிக்கவில்லை. 'நல்ல வேளையாக' என்றுதான் அன்று நினைத்தேன். மெலிந்துவிட்டாளே என்று கேட்டவர்களுக்கு நுரையீரலில் கிருமி என்றேன்.

அந்த மாதம் முதல் வெள்ளி, இராப்போஜன ஆராதனை. வரிசை வரிசையாகப் போய் முழங்கால் போட்டு, சின்னக் கிண்ணத்தில் திராட்சைச் சாறும் அப்பத் துண்டும் வாங்கிக்கொள்வோம். எங்கள் வரிசை எழுந்தது. அவள் எழவில்லை. முழங்கையால் இடித்தேன். தலையை ஆட்டினாள். நான் மட்டும் போய் வாங்கிக்கொண்டு வந்தேன். சபை முழுக்கப் பார்க்கிறது என்று என் முதுகுக்குத் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்து ஒரு தடவைகூட இராப்போஜனத்தை விடாதவள் அவள்.

காரில் ஏறியதும் கத்தினேன். "எல்லாரும் என்ன நினைப்பாங்க?"

"நான் எழுந்து நின்னு சொன்னது இப்ப உண்மையில்லைங்க. அதைத் திருத்தாம என்னால அங்க போயி முழங்கால் போட முடியாது" என்றாள். "அடுத்த சாட்சி நேரத்துல சொல்லிடறேன். சுகமாகல, திரும்ப வந்துருச்சு, டாக்டர்கிட்ட போகாம விட்டது தப்புன்னு சொல்லிடறேன். குருண் அக்கா மாதிரி எத்தனை பேர் என்னைப் பார்த்து வீட்டுலயே இருக்காங்களோ. சபையில சொன்னா எல்லார் காதுக்கும் போயிடும்."

"உடம்பு தேறட்டும்" என்றேன்.

"தேறுறதுக்கு இது என்ன சளியா?"

கிறிஸ்துமஸ் போகட்டும் என்றேன். கேரல் பாட வீட்டுக்கு வருகிற நேரம், எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றேன். கிறிஸ்துமஸ் போனது. வருடக் கடைசி ஆராதனை போகட்டும், புது வருடத்தில் எதற்கு அழுகை என்றேன். அதுவும் போனது. தவக்காலமான லெந்து வந்தது. அவள் ஒவ்வொரு முதல் வெள்ளியும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் ஒவ்வொரு முறையும் தலைசுற்றல் என்று ஒரு காரணம் சொன்னேன். அவள் என்னிடம் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்திவிட்டு ஒருவேளை இறங்கி வந்திருப்பேன். அவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள், வாரா வாரம், ஒரே குரலில்.

ஈஸ்டருக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து, "இன்னைக்குச் சொல்லிடறேன். நீங்க பக்கத்துல நின்னாப் போதும், பேச வேண்டியதில்ல" என்றாள். குரலிலேயே தெரிந்தது, இனி எந்தக் காரணமும் எடுபடாது. அவள் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது நான் வெளியே போனேன். காரின் பின் டயருக்கு முன்னால் குந்தி, வால்வு மூடியைக் கழற்றி, சாவி நுனியால் அழுத்தினேன். காற்று சீறிக்கொண்டு போனது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் செடிக்குத் தண்ணீர் விட்டபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு சலாம் வேறு போட்டேன். ரிம் தரையைத் தொடும் வரை அழுத்தினேன்.

அவள் வெளியே வந்தாள். நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை, முக்காடு, கையில் வேதாகமம். நடப்பதற்கே மூச்சு வாங்கியது.

"டயர் பஞ்சிட்" என்றேன்.

"ஸ்பேர் இருக்குல்ல?"

"அதுலயும் காத்து இல்ல."

பத்து வருடமாக டயர் கடையில் வேலை செய்கிறவன் வீட்டில் இரண்டு டயரிலும் காற்று இல்லை. அவள் டயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு காரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, தரையில் இருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தாள். வால்வு மூடி.

"கீழ கிடந்துச்சு" என்றாள். கோபமே இல்லை. "சரி, வாங்க. வீட்டுலயே ஜெபம் பண்ணிக்கலாம்."

கிராப் டாக்சி பிடிக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வரவேற்பறையில் உட்கார்ந்தோம். எங்கள் சபைப் பாட்டு ஒன்றை அவள் பாட ஆரம்பித்தாள், மூச்சு பத்தாமல் பாதியில் விட்டுவிட்டாள். பிறகு கண்ணை மூடி, "அப்பா, என் வீட்டுக்காரருக்குத் தைரியம் குடுங்க" என்று ஜெபித்தாள். எனக்காக அவள் எத்தனையோ முறை ஜெபித்திருக்கிறாள். எனக்குத் தொப்பை குறைய வேண்டும் என்றுகூட ஜெபித்திருக்கிறாள். இதைக் கேட்டுக்கொண்டு கூனிக்குறுகி உட்கார்ந்திருந்த மாதிரி என் வாழ்க்கையில் நான் எங்கும் உட்கார்ந்ததில்லை. எழுந்து போய்க் கழிவறையில் தண்ணீரைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன். டயருக்குக் காற்று அடிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகாது. அன்று சாயங்காலம் வரை அடிக்கவில்லை.

அதற்குப் பிறகு சபையில் சொல்ல வேண்டும் என்று அவள் என்னிடம் கேட்கவே இல்லை. விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஈஸ்டர் முடிந்து சில வாரங்களில் படுக்கையில் விழுந்தாள். போதகர் வீட்டுக்கே இராப்போஜனம் கொண்டுவந்தார். வேண்டாம் என்பாளோ என்று பயந்துகொண்டு கதவருகில் நின்றேன். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். முகம் தெளிவாக இருந்தது. நோயின் களைப்பில் பழைய பிடிவாதம் மறந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆகஸ்டில் இறந்துபோனாள். மத்தியான நேரம், நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வயது.

அடக்க ஆராதனைக்கு நிற்க இடமில்லாத கூட்டம். தாடிகாப் பிள்ளைகள் சீருடையில் வந்திருந்தார்கள். செமிலிங்கில் இருந்து என் சொந்தக்காரர்கள் வந்து, நெற்றியில் திருநீற்றோடு கடைசி வரிசையில் சங்கடமாக உட்கார்ந்திருந்தார்கள். சபைப் பெரியவர் ஒருவர் எழுந்து அவளுடைய பக்தியைப் பற்றிப் பேசினார். பேச்சுக்கு நடுவில், "முதல்ல வந்த அந்த வியாதியைக் கர்த்தர் அடியோட எடுத்துப்போட்டார். அது நம்ம எல்லாருக்கும் தெரியும். கடைசில வந்தது வேற, நுரையீரல்ல வந்த வேற ஒண்ணு. கர்த்தர் செஞ்சதைக் கர்த்தர் மாத்தல" என்றார். கூட்டம் ஆமென் என்றது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நான் கொடுத்ததைத்தானே அவர் திருப்பிக் கொடுத்தார்.

போதகர் என் பக்கம் குனிந்து, "பிரதர், நீங்க ஏதாவது சொல்றீங்களா?" என்று கேட்டார். என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் எழுந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். மைக் கையில் வந்தது. முன்னால் அந்தப் பெரியவர், நர்ஸ் அக்கா, என் தோளில் கை போட்டவர்கள். நடுவரிசையில் குருண் அக்கா முக்காடோடு என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாருக்கும் நன்றி" என்றேன். "சாப்பாடு ஏற்பாடு பண்ணியிருக்கோம். யாரும் சாப்பிடாமப் போயிடாதீங்க."

உட்கார்ந்துவிட்டேன். வெளியே வந்தபோது குருண் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஏதோ எதிர்பார்த்து நின்றார். "சாப்பிட்டுப் போங்கக்கா" என்று கையை உருவிக்கொண்டேன்.

இன்னொரு கிறிஸ்துமஸும் போனது. சீனப் புத்தாண்டு நெருங்கிய சமயம், கடைக்கு ஒரு பள்ளிக்கூட வேன் வந்தது. ஜித்ராவுக்குப் போகிற வழியில் ஆணி ஏறிவிட்டதாம். பின் கண்ணாடியில் ஒட்டியிருந்த வசனத்தைப் பார்த்ததும் யாருடைய வேன் என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஓட்டி வந்தவர் ஓர் ஆண்.

"அந்த அக்கா வரலையா?" என்று கேட்டேன்.

"அண்ணிக்கு ஒடம்பு சரியில்லண்ணே. ஹாஸ்பிட்டல்ல இருந்து இப்பத்தான் வந்தாங்க. நான்தான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைத்துக் கொடுத்தேன். முதலாளியிடம் ஒரு காரணமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். குருண் போய்ச் சேரும்வரை, அந்த அக்கா காலத்தோடு மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிட்டார், நான்தான் கொன்றேன், இவரையும் நான்தான் கொன்றேன் என்று ஸ்டியரிங்கை அடித்துக்கொண்டே போனேன்.

வரிசை வீடு. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து இடது கையைத் தலையணை மேல் வைத்திருந்தார். கை வீங்கியிருந்தது. "வாங்க தம்பி" என்றார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே கொட்டிவிட்டேன். என் மனைவிக்கு வந்தது வேறு நோய் இல்லை, அதே கட்டிதான் என்றேன். டாக்டர் ஆறு மாதத்தில் வரச் சொன்னதை மறைத்தேன், அசந்துபோனார் என்று சொன்னது நான் சேர்த்தது, அவள் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று மாதக்கணக்கில் கெஞ்சினாள், நான் விடவில்லை என்றேன். டயரில் காற்று இறக்கியதையும் சொன்னேன். அக்கா என்னை முழுதாகச் சொல்ல விட்டார். நான் முடித்ததும் அவர் முகம் ஒரு மாதிரி கோணியது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கு நடிக்க வராது தம்பி" என்றார். "உக்காருங்க. எனக்குத் தெரியும். தங்கச்சியே வந்து சொல்லிட்டா."

எனக்குப் புரியவில்லை.

"ஈஸ்டர் முடிஞ்ச வாரம். நீங்க கடைக்குப் போனதும் அலோர் ஸ்டார்ல கொமுட்டர் ரயில் ஏறி வந்திருக்கா, அந்த ஒடம்போட. எனக்குப் போன் அடிச்சா. நான் பிள்ளைங்களை எறக்கி விட்டுட்டுப் போறவரைக்கும் ஸ்டேஷன் பெஞ்சில படுத்துக்கிட்டு இருந்தா. இதே நாற்காலியில உக்காந்து முக்காட்டை எடுத்துத் தலையைக் காட்டினா. எங்கிட்ட சத்தியம் வாங்காம எந்திரிக்கல. மறுநாளே நான் ஹாஸ்பிட்டல் போனேன். ஒரு பக்கம் எடுத்துட்டாங்க, ஆனா நல்லா இருக்கேன். இது வேற ஒண்ணுமில்ல, ஆபரேஷன் பண்ண பக்கம் கை வீங்கிக் காய்ச்சல் வந்துருச்சு, நாலு நாள் வார்டுல வச்சிருந்தாங்க. அவ வந்த அன்னைக்குத் திரும்பிப் போற வழியில பாஸ்டர்கிட்டயும் சொல்லணும்னா. நான்தான் வேன்ல கூட்டிப்போய் எறக்கி விட்டேன்."

போதகர் கொண்டுவந்த கிண்ணத்துக்கு அவள் இரண்டு கையையும் நீட்டியது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அடக்க ஆராதனையில் போதகர் ஏன் அப்படிக் காத்திருந்தார் என்பதும், அக்கா ஏன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பதும்கூட.

"ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?" என்று கேட்டேன். கேட்பதற்கு எனக்கு என்ன தகுதி இருந்தது?

"அவதான் சொல்லக்கூடாதுன்னா. 'என் வீட்டுக்காரர் ஒருநாள் வந்து சொல்லுவாருக்கா, வந்தா புதுசா கேக்குற மாதிரி கேளுங்க, ஏற்கெனவே தெரியும்னா அவருக்கு வெக்கமாயிடும்'னா. பாஸ்டர்கிட்டயும் அப்படித்தான் சொன்னா. நானும் புதுசா கேக்குற மாதிரி கேட்டுப் பார்த்தேன் தம்பி, டயர் கதை வந்ததும் நடிக்க முடியல."

அக்கா எழுந்து போய், நல்ல கையால் எனக்கு மைலோ கலக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

"நான் எப்ப வருவேன்னு சொன்னாளா?" என்றேன்.

"சீக்கிரம் வந்துடுவாருன்னு சொன்னா" என்றார் அக்கா. "அவளை வேன்ல ஏத்தும்போதுகூட அதைத்தான் சொன்னா."